ஏஐ விஷயத்துல நம்ம பேச்சும் எடுபடணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கறது

தெலங்கானால 2014க்கும் 2019க்கும் நடுவுல சுமார் 19 லட்சம் ரேஷன் கார்டு ரத்தாச்சு. அதுல சமக்ர வேதிகான்னு ஒரு சிஸ்டத்துக்குப் பெரிய பங்கு, பல துறையோட தரவுகள ஒண்ணா கோத்து இந்தப் பேர்ல கார் இருக்கு, இந்தப் பேர்ல வீடு இருக்குன்னு அதுவே கண்டுபிடிச்சு சொல்லும், அந்தப் பேர் வேற ஆளோடதா இருந்தாலும் கார்டு போனது போனதுதான். ஒரு சமூக ஆர்வலர் கோர்ட்டுக்குப் போய், கடைசில 2022ல சுப்ரீம் கோர்ட் ரத்தான கார்டுகள மறுபடி நேர்ல போய் சரிபாருங்கன்னு உத்தரவு போட்டுச்சு. அந்த சிஸ்டத்தை கொண்டுவர்றப்போ யாருமே ஊர் ஊரா வந்து "இப்படி ஒண்ணு கொண்டுவரப் போறோம், தப்பா போனா எங்க வந்து சொல்வீங்க"ன்னு கேக்கல.

அந்தக் கேள்விய அவங்க கேக்கலன்னா நாம கேக்கணும். ஏஐ உருவாகறதுலயும் அதை கட்டுப்படுத்தறதுலயும் சாதாரண ஜனங்க எப்படி கலந்துக்கறதுன்னு புதுசா வர்றவங்களுக்காக எழுதறேன். கோடிங் தெரியணும்னு அவசியமே இல்ல. படிக்கத் தெரிஞ்சா போதும், பொறுமை கொஞ்சம் வேணும்.

முதல்ல ஒரே ஒரு விஷயத்தை எடுங்க

"ஏஐ நல்லதா கெட்டதா"ன்னு ஆரம்பிச்சா எங்கயும் போய் சேர மாட்டீங்க. உங்க தெருவுல, உங்க வீட்ல நேரடியா படற ஒரு சிஸ்டத்தை எடுங்க. நான் இந்தக் கட்டுரை முழுக்க ஒரு உதாரணத்தையே வெச்சுக்கறேன், அங்கன்வாடில வீட்டுக்குக் குடுக்கற சத்துமாவு. மத்திய அரசோட போஷன் டிராக்கர் ஆப்ல முகத்தை ஸ்கேன் பண்ணி, ஆதார் போட்டோவோட ஒத்துப்போனா தான் பொருள் தரணும்னு 2025 ஜூலை 1லேர்ந்து கட்டாயமாக்கினாங்க. கர்ப்பிணிகள், பால் குடுக்கற அம்மாக்கள், கைக்குழந்தை வெச்சிருக்கறவங்க எல்லாம் இதுக்குள்ள வர்றாங்க. இதுக்கு ஓடிபியும் வேணும், அது போற நம்பர் வீட்டுக்காரர் கையில இருக்கும், அவர் வேலைக்குப் போயிருப்பார், சிக்னல் இருக்காது, ஊழியரோட போன் பழசா இருக்கும். பல மாநிலத்துல அங்கன்வாடி ஊழியர்களே இதை எதிர்த்துப் போராட்டம் பண்ணாங்க, ஏன்னா திட்டு வாங்கறது அவங்கதான்.

உங்களுக்கு இது இல்லாம வேற ஏதாவது இருக்கலாம், காலேஜ்ல முகத்தை வெச்சு அட்டெண்டன்ஸ், போலீஸ் ரோந்துல போட்டோ எடுக்கறது, டெலிவரி வேலை பாக்கறவங்களுக்கு ஆப்பே ஆர்டர் பிரிச்சுக் குடுக்கறது. எதுவா இருந்தாலும் ஒண்ணு மட்டும்.

அப்புறம் தனியா பண்ணாதீங்க. நாலு பேர் போதும், அதுல ஒருத்தராவது அந்த சிஸ்டத்தால நேரடியா பாதிக்கப்படறவங்களா இருக்கணும். இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், ஏன்னா படிச்சவங்க மட்டும் கூடி உக்காந்தா பேச்சு பிரைவசி, டேட்டான்னு போயிடும், அங்கன்வாடி வாசல்ல நிக்கற பொண்ணுக்கு முதல் பிரச்சனை இன்னைக்கு மாவு கிடைக்குமா இல்ல நாளைக்கும் வரணுமாங்கறது. அவங்க சொல்றத அப்படியே ஒரு நோட்ல தேதி போட்டு எழுதி வைங்க. எப்ப போனாங்க, எத்தன தடவ ஸ்கேன் ஆகல, என்ன சொல்லி அனுப்பினாங்க. பின்னாடி எல்லாத்துக்கும் இந்த நோட்டு தான் ஆதாரம்.

குரல் குடுக்கறது, ஆனா படிச்சுட்டு குடுங்க

ஏஐ தமிழைக் கத்துக்கறதுக்கு நம்ம பேச்சைப் பதிவு பண்ணிக் குடுக்கறது தான் இருக்கறதுலயே ஈசி, வீட்ல உக்காந்தே பண்ணலாம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் செய்யற மோசில்லாவோட காமன் வாய்ஸ்ங்கற குரல் சேகரிக்கற தளத்துல தமிழ் இருக்கு, அதுல வர்ற வாக்கியத்தைப் படிச்சு ரெக்கார்ட் பண்ணலாம், மத்தவங்க படிச்சதைக் கேட்டு சரி, தப்புன்னு ஓட்டு போடலாம், ரெண்டு பேர் சரின்னு சொன்னா அந்த ஆடியோ ஏத்துக்கப்படும். புதுசா போறவங்க நேரா ரெக்கார்டிங்க்கு ஓடிடறாங்க, கேட்டு சரிபாக்கற வேலைக்கு ஆள் கம்மி, அதனால பாதி நேரத்தை அதுக்கு ஒதுக்குங்க. சரிபாக்கறப்போ ஒரு முக்கியமான விஷயம், உச்சரிப்பு உங்க ஊர் மாதிரி இல்லைங்கறதுக்காக தப்புன்னு தட்டி விட்டுடாதீங்க. வார்த்தைய மாத்திப் படிச்சாலோ விட்டுட்டாலோ தான் தப்பு. நாகர்கோவில்காரர் பேசறதும் யாழ்ப்பாணத்துக்காரர் பேசறதும் நீலகிரி தேயிலைத் தோட்டத்துல இருக்கறவங்க பேசறதும் உள்ள போனா தான் நாளைக்கு மெஷினுக்கு அவங்க பேச்சு புரியும். வயசான அம்மா அப்பா, பெரியம்மா எல்லாரையும் உக்கார வெச்சு பேச வைங்க, பொதுவா இந்த மாதிரி தரவுல இளவட்ட ஆம்பளைங்க குரல் தான் அதிகமா சேரும்.

அரசு பக்கத்துல பாஷினின்னு இந்திய மொழிகளுக்கான ஏஐ திட்டம் இருக்கு, 2022ல ஆரம்பிச்சது. அதோட பாஷாதான் (மொழி தானம்னு அர்த்தம்) பகுதில பேசறது, கேட்டு எழுதறது, மொழிபெயர்க்கறது, படத்துல இருக்கற எழுத்தைப் படிச்சு சொல்றதுன்னு நாலு விதமா பங்களிக்கலாம். ஐஐடி மெட்ராஸ்ல இருக்கற ஏஐ4பாரத் குழு, இந்திய மொழிகளுக்கான மாடலையும் (அதாவது தரவைப் பாத்துப் பழகின ஏஐ மென்பொருள்) தரவையும் ஓப்பனா வெளியிடறாங்க, பேச்சுத் தரவுக்காக நாடு முழுக்க மாவட்டம் மாவட்டமா போய் ஜனங்க பேசறத பதிவு பண்ணிருக்காங்க.

குடுக்கறதுக்கு முன்னாடி லைசென்ஸ் என்னன்னு பாருங்க. காமன் வாய்ஸ் தரவு சிசி ஜீரோல வருது, அதாவது யாரு வேணும்னாலும் எதுக்கு வேணும்னாலும் எடுத்துக்கலாம், காலேஜ் பசங்களும் எடுக்கலாம் பெரிய கம்பெனியும் எடுக்கலாம். எனக்கு அதுல ஆட்சேபணை இல்ல, தமிழுக்கு இன்னைக்கு இருக்கற நிலைமைல திறந்த தரவு இல்லாட்டி சின்ன ஆளுங்களால எதுவுமே செய்ய முடியாது. ஆனா இது ஒண்ணு தான் வழின்னு நினைச்சுக்காதீங்க. நியூசிலாந்துல கைட்டாயாங்கற சின்ன ஊர்ல தே ஹிக்கு மீடியான்னு மாவோரி மக்களோட ரேடியோ ஒண்ணு இருக்கு. 2018ல அவங்க ஒரு போட்டி மாதிரி வெச்சு, பத்தே நாள்ல 2500க்கும் மேற்பட்ட ஆளுங்ககிட்டேர்ந்து 310 மணி நேரப் பேச்சு சேத்துட்டாங்க. வெளி கம்பெனி அந்தத் தரவை விலைக்குக் கேட்டப்போ தர மாட்டோம்னுட்டாங்க. தங்களுக்குன்னு தனியா ஒரு லைசென்ஸ் எழுதிக்கிட்டாங்க, அதுப்படி தரவு அந்த சமூகத்தோட பொறுப்புல இருக்கும், அதுலேர்ந்து வர்ற பலன் அந்த மக்களுக்குத் திரும்ப வரணும். உங்க ஊர் தெருக்கூத்துக் கலைஞர்கள் பாடறது, குறும்பர் இருளர் மாதிரி பழங்குடி மக்களோட பாட்டு கதை மருத்துவ அறிவு, இதையெல்லாம் பதிவு பண்ணி எல்லாருக்கும் திறந்து விடறதுக்கு முன்னாடி இந்த உதாரணத்தை ஞாபகம் வைங்க. அது உங்க சொத்து இல்ல, அவங்ககிட்ட கேட்டு, அவங்க வேணாம்னா வேணாம்.

ஏஐயை நாமளே பரீட்சை வைக்கறது

சாட்பாட் தப்பா பதில் சொன்னா ஸ்கிரீன்ஷாட் போட்டு சிரிச்சுட்டு போயிடறோம். அதுக்குப் பதிலா ஒரு கேள்வித்தாள் ரெடி பண்ணுங்க, ஒரு ஐம்பது கேள்வி. பதில் நமக்கு உறுதியா தெரிஞ்ச, அரசு ஆணையிலயோ புத்தகத்துலயோ சரிபாக்க முடிஞ்ச கேள்வியா இருக்கணும். புதுமைப் பெண் திட்டத்துல மாசம் எவ்வளவு வரும், யாருக்கு வரும்? பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் என்ன வித்தியாசம்? குழந்தைக்கு அஞ்சு நாளா பேதி, ஓஆர்எஸ் எப்படி கலக்கறது? இப்படி. ஒவ்வொரு கேள்வியையும் எழுத்துத் தமிழ்ல ஒரு தடவ, உங்க ஊர் பேச்சுல ஒரு தடவ, தங்கிலீஷ்ல ஒரு தடவ கேளுங்க. மூணுக்கும் ஒரே பதில் வருதான்னு பாருங்க. வரலன்னா அது தான் நீங்க கண்டுபிடிச்ச விஷயம், தேதி, எந்த மாடல், என்ன கேட்டோம், என்ன சொல்லுச்சு, எது சரின்னு ஒரு ஷீட்ல போட்டு வைங்க.

ஆப்லயே இருக்கற கட்டைவிரல் கீழ பட்டனை அமுத்தி காரணமும் எழுதுங்க, அதோட நிறுத்திடாதீங்க, அது எங்க போகுதுன்னு நமக்குத் தெரியாது. ஷீட்டை திறந்த லைசென்ஸ்ல ஹக்கிங் ஃபேஸ் மாதிரி ஏஐ மாடலும் தரவும் பகிர்ற தளத்துல போட்டா, மாடல் செய்யறவங்க தேடி வந்து எடுத்துப்பாங்க. நல்ல தமிழ்ச் சோதனைத் தாளுக்கு அவ்ளோ பஞ்சம் இருக்கு.

ஆர்டிஐ, இது தான் முக்கியம்

இதுல தான் நான் அதிகமா நிக்கப் போறேன், ஏன்னா குரல் குடுக்க நிறைய பேர் வர்றாங்க, கேள்வி கேக்க யாரும் வர்றதில்ல. அரசு உபயோகிக்கற எந்த ஏஐ பத்தியும் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேக்கலாம். இதால என்ன நடக்கும்னு சந்தேகம் இருந்தா ஒரு உதாரணம், டெல்லி போலீஸ் முகம் கண்டுபிடிக்கற சாஃப்ட்வேர்ல எத்தன சதவீதம் ஒத்துப்போனா பொருத்தம்னு எடுத்துக்கறீங்கன்னு கேட்டப்போ 80 சதவீதம்னு 2022ல பதில் வந்துச்சு. ஒருத்தர ஜெயில்ல போடற அளவு விஷயத்துக்கு எல்லைக்கோடு அவ்ளோ தான்னு ஊருக்கே தெரிஞ்சது அந்த ஒரு மனுவால தான்.

மனு எழுதறது கஷ்டம் இல்ல, ஆனா எப்படி கேக்கறோம்ங்கறதுல தான் எல்லாம் இருக்கு. "ஏன் இப்படி பண்றீங்க"ன்னு கேட்டா "அது தகவல் இல்ல"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. காகிதத்துல இருக்கற ஒண்ணை கேக்கணும். அங்கன்வாடி உதாரணத்துக்கு நான் இப்படி எழுதுவேன்:

"1. எங்கள் வட்டாரத்தில் முகப் பதிவு முறையைக் கட்டாயமாக்கிய ஆணை, சுற்றறிக்கை ஆகியவற்றின் நகல்.
2. முகம் பொருந்தாதபோது பொருள் வழங்க வேண்டிய மாற்று முறை பற்றிய எழுத்துப்பூர்வ அறிவுறுத்தலின் நகல்.
3. கடந்த ஆறு மாதங்களில் மாதவாரியாக, முகப் பதிவு தோல்வியடைந்த பயனாளிகளின் எண்ணிக்கை.
4. அம்மாதங்களில் பொருள் பெறாத பயனாளிகளின் எண்ணிக்கை.
5. இம்முறையின் துல்லியம் குறித்து நடத்தப்பட்ட சோதனை அறிக்கையின் நகல்.
6. இது தொடர்பான புகார்களைப் பெறும் அலுவலரின் பதவி, அலுவலக முகவரி."

அவ்ளோ தான். எதுக்காகக் கேக்கறீங்கன்னு காரணம் சொல்லவே தேவையில்ல, சட்டத்தோட 6(2) பிரிவு அப்படி தான் சொல்லுது. தமிழ்லயே எழுதலாம். கட்டணம் 10 ரூபா, தமிழ்நாட்டு ஆபீஸ்னா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக்கலாம், மத்திய அரசுன்னா போஸ்டல் ஆர்டர் இல்லாட்டி ஆன்லைன்லயே கட்டிடலாம், வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு அதுவும் இல்ல. தபால்ல அனுப்பினா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதைப் பத்திரமா வைங்க. தப்பான ஆபீஸுக்கு அனுப்பிட்டாலும் பயப்படாதீங்க, சரியான இடத்துக்கு அவங்களே 5 நாளுக்குள்ள மாத்தி அனுப்பணும். இருந்தாலும் இந்த விஷயத்துல மாவட்டத்துல இருக்கற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்கு ஒண்ணு, டெல்லில மகளிர் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டா போடறது நல்லது, ஆப் அவங்களோடது, மாவு குடுக்கறது இவங்க, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கைகாட்ட இடம் குடுக்கக்கூடாது.

பதில் தர 30 நாள் டைம். வரலன்னாலோ அரைகுறையா வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள்ள அதே துறைல முதல் மேல்முறையீடு, அதுவும் சரியில்லன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது மேல்முறையீடு. மனு போட்ட அன்னைக்கே இந்த தேதியெல்லாம் போன் காலண்டர்ல போட்டுடுங்க. முதல் பதில்லயே எல்லாம் வந்துடும்னு நினைக்காதீங்க, "இது கம்பெனியோட வியாபார ரகசியம்"னு 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுக்கறது சகஜம். அந்தப் பிரிவுலயே பொதுநலன் பெருசா இருந்தா குடுக்கலாம்னும் எழுதிருக்கு, மேல்முறையீட்டுல அந்த வரிய எடுத்து வைங்க, "சோர்ஸ் கோட் எனக்கு வேணாம், சோதனை முடிவும் தோல்வி எண்ணிக்கையும் தான் கேக்கறேன்"னு எழுதுங்க. இதை மறுக்கறது அவங்களுக்குக் கஷ்டம்.

தமிழ்நாட்டு அரசு சிஸ்டம்னா இன்னொரு பிடி இருக்கு. 2020ல தமிழ்நாடு அரசு பாதுகாப்பான நெறிசார்ந்த ஏஐ கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டுச்சு, அதுல டீப்மேக்ஸ்னு ஒரு மதிப்பெண் அட்டை இருக்கு, மக்கள் கைக்குப் போறதுக்கு முன்னாடி ஏஐ சிஸ்டத்தை நியாயம், பிரைவசி, தணிக்கைன்னு பல அளவுல எடைபோடறதுக்காக. "இந்த சிஸ்டத்துக்கு அந்த மதிப்பெண் அட்டை போடப்பட்டதா, போடப்பட்டிருந்தால் நகல் தருக"ன்னு ஒரே ஒரு கேள்வி சேத்துடுங்க. இருக்குன்னா படிச்சுப் பாக்கலாம், இல்லன்னா அந்த இல்லங்கற பதிலே ஒரு ஆவணம்.

கிராம சபைல பேசறது

தமிழ்நாட்டுல வருஷத்துக்கு 6 கிராம சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்துல இருக்கறவங்களுக்குப் பகுதி சபை இருக்கு. கூட்டத்தன்னைக்கு எழுந்து பேசினா போதாது, முன்னாடியே ஊராட்சி ஆபீஸ்ல எழுதிக் குடுத்து தீர்மானமா வைக்கச் சொல்லுங்க. தீர்மானம் ரெண்டு வரி இருந்தா போதும்: முகம் பொருந்தலன்னாலும் பயனாளிக்கு அன்னைக்கே பொருள் தரணும், தோல்வி எண்ணிக்கைய ஒவ்வொரு கிராம சபைலயும் படிக்கணும்.

பஞ்சாயத்து தீர்மானத்தால டெல்லி ஆப்பை நிறுத்திட முடியாது, உண்மை தான். ஆனா தீர்மான நகலும் உங்க நோட்டும் ஆர்டிஐ பதிலும் மூணும் சேந்து திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல போனா, அது தனி ஆளோட புலம்பலா இருக்காது. கூட்டத்துல அங்கன்வாடி அக்காவ குத்தம் சொல்ற மாதிரி பேச்சு போனா உடனே திருப்புங்க. அவங்களும் இந்த சிஸ்டத்தால கஷ்டப்படறவங்க தான், அவங்க உங்க பக்கம் இருந்தா தான் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்.

வரைவு விதி வர்றப்போ கருத்து அனுப்பறது

சட்டம், விதி கொண்டுவர்றதுக்கு முன்னாடி குறைஞ்சது 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்கணும்னு மத்திய அரசோட 2014 கொள்கை ஒண்ணு இருக்கு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளோட வரைவு 2025 ஜனவரி 3 வந்துச்சு, மைகவ் தளத்துல கருத்து கேட்டாங்க, கடைசி தேதிய ஒரு தடவ நீட்டிச்சாங்க, அந்த நவம்பர்ல இறுதி விதி வந்துருச்சு. இந்த மாதிரி ஜன்னல் கொஞ்ச நாள் தான் திறந்திருக்கும், அதனால குழுவுல ஒருத்தர் வாரம் ஒரு தடவ மைகவ், ஐடி அமைச்சகத்தோட தளம் ரெண்டையும் பாக்கற வேலைய எடுத்துக்கட்டும்.

எழுதறப்போ விதி எண், அதுல என்ன பிரச்சனை, எங்க ஊர்ல நடந்தது, பதிலா இப்படி மாத்துங்க, இந்த நாலும் இருந்தா போதும். "தரவுப் பாதுகாப்பு முக்கியம்"னு பொதுவா எழுதினா படிக்கறவங்களுக்கு எதுவும் செய்ய முடியாது. தமிழ்ல எழுதி கூட ஒரு பக்கம் ஆங்கிலச் சுருக்கம் வைங்க. அந்த விதிகளுக்கு வந்த கருத்துகள வெளியிட மாட்டோம்னு அறிவிப்புலயே சொல்லிட்டாங்க, அதனால நீங்க அனுப்பினதை நீங்களே பொதுவுல போட்டுடுங்க, அடுத்த ஊர்க்காரங்க அதைப் பாத்து எழுதுவாங்க.

நிறைய பேரோட கருத்தைத் திரட்டணும்னா

வாட்ஸப் குரூப்ல கேட்டா சத்தமா பேசற நாலு பேரோட கருத்து தான் தெரியும். போலிஸ்னு ஒரு இலவச திறந்த மென்பொருள் இருக்கு (காவல்துறை இல்ல, பேர் அப்படி), ஒவ்வொருத்தரும் சின்னச் சின்ன வாக்கியமா கருத்து போடுவாங்க, மத்தவங்க ஒத்துக்கறேன், இல்ல, தெரியலன்னு ஓட்டு போடுவாங்க, பதிலுக்கு பதில் எழுத முடியாது, அதனால சண்டை வராது. எந்தெந்த கருத்துல எல்லா தரப்பும் ஒத்துப்போறாங்கன்னு அதுவே காட்டிடும். தைவான்ல 2015ல ஊபர் விதிமுறைக்கு இதைத்தான் யூஸ் பண்ணாங்க. 2023ல ஆந்த்ரோபிக்ங்கற ஏஐ கம்பெனி சுமார் 1000 அமெரிக்கர்கள்கிட்ட, ஏஐ எப்படி நடந்துக்கணும்னு இதே கருவில கேட்டு, வந்த பதில வெச்சு ஒரு மாடலையே பழக்கிப் பாத்தாங்க. அந்த 1000 பேரும் அமெரிக்கர்கள், தமிழ் பேசறவங்க ஏஐகிட்ட என்ன எதிர்பாக்கறாங்கன்னு அந்த அளவுக்கு உக்காந்து கேட்டதா நான் எங்கயும் பாக்கல, அதனால நாமளே கேட்டு வெச்சுக்கணும்.

முதல்ல நீங்களே ஒரு பத்து பதினஞ்சு வாக்கியம் போட்டு விடுங்க, எல்லாம் உங்க கருத்தாவே இருக்கக்கூடாது, எதிர்க்கருத்தும் வேணும். "முகம் பொருந்தலன்னாலும் மாவு தரணும்." "ஸ்கேன் இருந்தா தான் திருட்டு நிக்கும்." "எங்க பேச்சு வழக்குல கேட்டாலும் ஏஐ மரியாதையா பதில் சொல்லணும்." "ஒருத்தரோட பேரை வெச்சு அவர் என்ன ஜாதின்னு கேட்டா ஏஐ சொல்லக்கூடாது." போன் இல்லாதவங்ககிட்ட நேர்ல போய் படிச்சுக் காட்டி, அவங்க சொல்றத அவங்க முன்னாடியே தட்டுங்க, முக்கியமா நூறு நாள் வேலை நடக்கற இடம், மகளிர் குழு கூட்டம். முடிவை ஒரு பக்கத்துல எழுதி முதல்ல கலந்துக்கிட்டவங்களுக்கே திருப்பிக் குடுங்க, அப்புறம் கலெக்டருக்கு, எம்எல்ஏவுக்கு, மாடல் செய்யறவங்களுக்கு.

இதுல எதையும் ஒரே மாசத்துல முடிக்க வேணாம். இந்த வாரம் நோட்டை ஆரம்பிங்க, அடுத்த வாரம் ஆர்டிஐ மனுவைப் போடுங்க, பதில் வர்ற அந்த 30 நாள்ல குரல் பதிவும் கேள்வித்தாளும் பண்ணலாம். பதில் வந்ததும் வெளில பகிர்றதுக்கு முன்னாடி உங்க முகவரி, போன் நம்பர், பயனாளிகள் பேர் எல்லாத்தையும் கறுப்படிச்சுட்டு போடுங்க.